கெர்னலில் ஹார்டுவேர் வாட்ச்டாக் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரமணியில் ஒரு சிறிய அறையில் சனிக்கிழமை மாலைகளில் லினக்ஸ் டிரைவர் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளிலும் ஓஎம்ஆர் அலுவலகங்களிலும் எம்பெடெட் வேலை பார்ப்பவர்கள். சிலர் கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள். வாட்ச்டாக் பாடம் வரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள் எழுவதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ராஸ்பெர்ரி பையின் பிசிஎம்2835 சிப்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ரிச்சி தெருவுக்குப் போனால் அந்தப் போர்டைக் கையோடு வாங்கி வந்து அன்று மாலையே சோதித்துப் பார்த்துவிடலாம். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளேன். கெர்னல் மூலநிரலில் தேடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு சேர்த்துக்கொள்ளவும்.

“வாட்ச்டாக் டைமர்னா என்ன சார்? சாதாரண டைமருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

வாட்ச்டாக் என்பது கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே போகும் ஒரு கவுன்ட்டர். அது பூச்சியத்தைத் தொடுவதற்குள் மென்பொருள் வந்து அதை மீண்டும் நிரப்பியாக வேண்டும். இதைத்தான் பிங் கொடுப்பது என்கிறோம். நிரப்பத் தவறினால் அது போர்டை ரீசெட் செய்துவிடும்.

சாதாரண டைமர் முடிந்தால் ஒரு இன்டரப்ட் (ப்ராசஸரின் கவனத்தை இழுக்கும் சமிக்ஞை) வரும், அந்த இன்டரப்டைக் கவனிக்க ப்ராசஸர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாட்ச்டாக்கின் ரீசெட் கம்பிக்கு ப்ராசஸரின் தயவு தேவையில்லை. கெர்னல் முடிவில்லாத லூப்பில் சிக்கியிருந்தாலும், எல்லா இன்டரப்டுகளும் அணைந்து கிடந்தாலும், அந்தக் கம்பி தன் வேலையைச் செய்யும். அதனால்தான் நல்ல சிப்புகளில் வாட்ச்டாக்கிற்கென்று தனி ஆஸிலேட்டர் வைத்திருப்பார்கள்.

“ஹேங் ஆனதைக் கண்டுபிடிக்கிற வசதி கெர்னல்லயே இருக்கே, அப்புறம் ஹார்டுவேர் எதுக்கு?”

லினக்ஸில் சாஃப்ட் லாக்அப், ஹார்டு லாக்அப் என்று இரண்டு கண்டுபிடிப்பான்கள் இருப்பது உண்மை. இயல்பு அமைப்பில் ஒரு சிபியூ 20 வினாடிக்கு மேல் வேறு எந்தப் பணிக்கும் இடம் கொடுக்காமல் கெர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் முதலாவது எச்சரிக்கை எழுதும். ‘சாஃப்ட்டாக்’ என்ற டிரைவர், கெர்னல் டைமரையே வைத்து வாட்ச்டாக் போல நடிக்கும். மூன்றும் பயனுள்ளவை. ஆனால் மூன்றும் அதே கெர்னலுக்குள், அதே க்ளாக்கை நம்பி ஓடுபவை. கெர்னல் நம்பத்தகாததாகிவிட்ட நேரத்தில் அதன் உள்ளிருந்து வரும் சாட்சியமும் நம்பத்தகாததுதான். ‘சாஃப்ட்டாக்’கை மேசைமேல் யூசர் ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) நிரலைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள், களத்துக்கு அனுப்பாதீர்கள்.

“சிப்புலயே வாட்ச்டாக் இருக்கு. கெர்னல்ல தனியா என்னத்த சேர்க்கணும்?”

சிப்பில் இருப்பது சில ரெஜிஸ்டர்கள் (சிப்பைக் கட்டுப்படுத்தும் நினைவுக் கட்டங்கள்) மட்டுமே. எந்த முகவரியில் எதை எழுதினால் கவுன்ட்டர் ஓடும், எதை எழுதினால் நிரம்பும், எதை எழுதினால் நிற்கும் என்பது சிப்புக்குச் சிப்பு வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, மேலே இருப்பவர்களுக்கு ஒரே முகத்தைக் காட்டும் சிறிய டிரைவர்தான் நாம் சேர்ப்பது. கெர்னல் மூலநிரலில் ‘டிரைவர்ஸ்’ அடைவுக்குள் ‘வாட்ச்டாக்’ என்ற உள் அடைவில் அது உட்காரும். அதோடு கெர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் கேகான்ஃபிக் கோப்பில் ஒரு பதிவும், மேக்ஃபைலில் ஒரு வரியும் சேரும்.

2011-இல் வந்த லினக்ஸ் 3.1-க்கு முன் ஒவ்வொரு டிரைவரும் கோப்பைத் திறப்பது, மூடுவது, ஐஆக்டில் (நிரல்கள் டிரைவருக்கு அனுப்பும்) கட்டளைகளுக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டது. ஒருவர் செய்த தவறு இன்னொருவரிடம் அப்படியே நகலாகிப் பரவியது. அந்தப் பதிப்பில்தான் வாட்ச்டாக் கோர் என்ற பொதுப் பகுதி வந்தது. இன்று நீங்கள் அந்தக் கோருக்குச் சில ஃபங்ஷன்களைக் கொடுத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் ‘மிஸ்க் ரெஜிஸ்டர்’ என்று நேரடியாக அழைக்கும் நிரலைக் கண்டால், அதைப் பின்பற்ற வேண்டாம்.

“டேட்டாஷீட்டைத் திறந்தா நூறு பக்கம் இருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும்?”

நிரல் எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் சில விடைகளை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வேன். க்ளாக் எங்கிருந்து வருகிறது, அதன் துல்லியம் என்ன? கவுன்ட்டர் எத்தனை பிட்? எழுதுவதற்கு முன் பூட்டைத் திறக்க வேண்டுமா? ஓடத் தொடங்கியபின் நிறுத்த முடியுமா? முதல் முறை முடிந்ததும் ரீசெட் ஆகுமா, அல்லது முதலில் இன்டரப்ட் வந்து இரண்டாம் முறைதான் ரீசெட் ஆகுமா? ரீசெட் சிப்பின் எந்தப் பகுதிவரை எட்டும்? இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் பின்னால் இரவில் உட்கார்ந்து தேட வேண்டிவரும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பிசிஎம்2835-இல் கவுன்ட்டர் 20 பிட்; அது வினாடிக்கு 65,536 முறை குறைகிறது. ஆகவே, அதன் உச்சம் 16 வினாடிக்கு ஒரு நூலிழை குறைவு. முழு வினாடியில் சொன்னால் 15. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தின் வாட்ச்டாக்கான ஐடபிள்யூடிஜி 12 பிட். 32 கிலோஹெர்ட்ஸை 256-ஆல் வகுத்து ஓட்டினால் 32.768 வினாடி வரை போகும். கணக்கு இத்தோடு முடியவில்லை. எஸ்டிஎம்32எஃப்4 வரிசையின் டேட்டாஷீட்டில் அந்த உள் ஆஸிலேட்டர் 17 முதல் 47 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றே போட்டிருக்கிறது. அதாவது நீங்கள் 32 வினாடி என்று நினைத்து எழுதியது ஒரு போர்டில் 22 வினாடியிலும் இன்னொன்றில் 60 வினாடியிலும் முடியலாம். பிங் இடைவெளியை நேரத்தின் பாதிக்கும் குறைவாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் முறையில்தான் ரீசெட் என்பதற்கு ஆர்ம் நிறுவனத்தின் எஸ்பி805 வாட்ச்டாக் நல்ல உதாரணம்: கவுன்ட்டர் ஒருமுறை முடிந்தால் இன்டரப்ட், அதைக் கவனிக்காமல் விட்டு மறுமுறையும் முடிந்தால் ரீசெட். இன்டெல் சிப்செட்டுகளின் டிசிஓ டைமரும் இரண்டு சுற்று ஓடித்தான் ரீசெட் செய்யும். இது தெரியாமல் 30 வினாடியை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதினால் ரீசெட் ஆக 60 வினாடி பிடிக்கும்.

“டிரைவர்ல குறைஞ்சபட்சம் எந்த ஃபங்ஷன் எல்லாம் எழுதணும்?”

கட்டாயம் வேண்டியது ‘ஸ்டார்ட்’. நிறுத்தக்கூடிய சிப் என்றால் ‘ஸ்டாப்’. ‘பிங்’ கொடுக்காவிட்டால் கோர் ஒவ்வொரு முறையும் ‘ஸ்டார்ட்’டையே அழைக்கும்; பல சிப்புகளுக்கு அது போதுமானது. ‘செட் டைம்அவுட்’ எழுதினால், கேட்ட நேரம் சிப்பால் முடியாததாக இருக்கும் பட்சத்தில் உண்மையில் எந்த நேரம் அமைந்ததோ அதை ‘வாட்ச்டாக் டிவைஸ்’ ஸ்ட்ரக்சரின் ‘டைம்அவுட்’ புலத்தில் மறக்காமல் எழுதுங்கள். 12 வினாடி கேட்டவருக்குப் 10 வினாடி அமைத்துவிட்டு 12 என்று பதில் சொல்லும் டிரைவர், யூசர் ஸ்பேஸை ஏமாற்றுகிறது.

ப்ரோப் ஃபங்ஷனில் (சிப் கண்டறியப்பட்டதும் கெர்னல் முதலில் அழைப்பது) செய்ய வேண்டியது: ரெஜிஸ்டர் முகவரியை மேப் செய்வது, க்ளாக்கை இயக்குவது, குறைந்த, உயர்ந்த நேரங்களைக் குறிப்பது, ‘வாட்ச்டாக் இனிட் டைம்அவுட்’டை அழைப்பது, கடைசியாகக் கோரிடம் பதிவு செய்வது. ‘வாட்ச்டாக் இனிட் டைம்அவுட்’ முதலில் மாட்யூல் அளவுருவைப் பார்க்கும், இல்லையென்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று சொல்லும் விவரக் கோப்பு) உள்ள ‘டைம்அவுட்-செக்’ மதிப்பை எடுக்கும். இரண்டும் இல்லாவிட்டால் நீங்கள் முன்கூட்டியே வைத்த மதிப்பு அப்படியே இருக்கும்.

“ரெஜிஸ்டர்ல சரியாத்தான் எழுதினேன் அண்ணா, படிச்சுப் பார்த்தா பழைய மதிப்பே இருக்கு.”

நூற்றுக்குத் தொண்ணூறு முறை பூட்டுதான் காரணம். பைத்தியம் பிடித்து ஓடும் நிரல் தற்செயலாக வாட்ச்டாக்கை அணைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சிப் வடிவமைப்பவர்கள் ஒரு கடவுச்சொல் வைக்கிறார்கள். பிசிஎம்2835-இல் எழுதும் 32 பிட்டில் மேல் 8 பிட் ஹெக்ஸில் ‘5ஏ’ ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து புறக்கணிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. எஸ்டிஎம்32-இல் சாவி ரெஜிஸ்டரில் ‘5555’ எழுதினால் பூட்டுத் திறக்கும், ‘ஏஏஏஏ’ எழுதினால் கவுன்ட்டர் நிரம்பும், ‘சிசிசிசி’ எழுதினால் ஓடத் தொடங்கும். எஸ்பி805-இன் சாவி ‘1ஏசிசிஇ551’. அதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் ‘அணுகல்’ என்று பொருள்படும் சொல்லின் சாயல் தெரியும். வகுப்பில் ஒருமுறை சொன்னால் யாரும் மறப்பதில்லை.

மீதிப் பத்து முறைகளில் க்ளாக் இயக்கப்படாமல் இருக்கும். இன்டெல் டிசிஓ டைமரில் இன்னொரு வழக்கமும் உண்டு: எல்லாம் சரியாக ஓடி, நேரமும் முடிந்து, ரீசெட் மட்டும் வராது. ரீபூட் வேண்டாம் என்று சொல்லும் ஒரு தனி பிட்டைப் பயாஸ் (கணினியின் தொடக்க மென்பொருள்) அமைத்துவிட்டிருக்கும்.

“சிப்போட உச்சம் 15 வினாடி. எங்க அப்ளிகேஷனுக்கு 60 வினாடி வேணும். என்ன செய்றது?”

அதிகபட்ச நேரம் என்ற புலத்தை நிரப்பாமல், ‘மேக்ஸ் ஹெச்டபிள்யூ ஹார்ட்பீட் எம்எஸ்’ என்ற புலத்தில் சிப்பின் உண்மையான உச்சத்தை மில்லிவினாடியில் கொடுங்கள். யூசர் ஸ்பேஸ் 60 வினாடி கேட்டால், இடைப்பட்ட நேரத்தில் கோரே சிப்புக்குப் பிங் கொடுத்துக்கொண்டிருக்கும். யூசர் ஸ்பேஸின் பிங் வராமல் போனால், சரியாக 60-ஆவது வினாடியில் ரீசெட் விழும்படி கணக்கிட்டுத் தன் பிங்கை நிறுத்திக்கொள்ளும். இதற்காக டிரைவருக்குள் நீங்களே ஒரு கெர்னல் டைமர் வைக்கத் தேவையில்லை.

இதில் ஒரு விட்டுக்கொடுப்பு இருக்கிறது. யூசர் ஸ்பேஸ் மட்டும் செத்தால் கண்டுபிடிக்க 60 வினாடி ஆகும். கெர்னலே உறைந்தால், கோரின் பிங்கும் நின்றுவிடுவதால், சிப்பின் 15 வினாடிக்குள்ளேயே ரீசெட் வந்துவிடும். பெரும்பாலான கருவிகளுக்கு இது நல்லதே.

“டெவ் அடைவுல இருக்குற வாட்ச்டாக் கோப்பைச் சும்மா திறந்து மூடினேன். கொஞ்ச நேரத்துல போர்டு ரீபூட் ஆயிடுச்சு. இது பிழையா?”

பிழையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கோப்பைத் திறந்த கணமே கவுன்ட்டர் ஓடத் தொடங்குகிறது. நீங்கள் மூடியபோது, வேண்டுமென்று மூடினீர்களா, உங்கள் ப்ராசஸ் செத்ததால் கெர்னல் மூடியதா என்று கோருக்குத் தெரியாது. எனவே, மூடும் முன் ‘வி’ என்ற பெரிய ஆங்கில எழுத்தை எழுதிவிட்டு மூடினால்தான் வேண்டுமென்றே நிறுத்துவதாக எடுத்துக்கொள்ளும். அதை எழுதாமல் மூடினால் கெர்னல் பதிவில் வாட்ச்டாக் நிற்கவில்லை என்ற வரி விழும், எண்ணிக்கை தொடரும்.

இந்த ‘வி’ ஏற்பாடு வேலை செய்ய, டிரைவர் தன் தகவல் ஸ்ட்ரக்சரில் ‘மேஜிக் க்ளோஸ்’ கொடியை அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் எப்படி மூடினாலும் வாட்ச்டாக் நின்றுவிடும், அதாவது உங்கள் டீமன் (பின்னணியில் ஓடிப் பிங் கொடுக்கும் நிரல்) செத்த கணமே காவலும் போய்விடும். ‘நோவேஅவுட்’ அமைப்பு இருந்தால் ‘வி’ எழுதினாலும் நிற்காது. களத்துக்குப் போகும் கருவிகளில் நான் ‘நோவேஅவுட்’டை இயக்கியே அனுப்புவேன்.

“பிங்கைக் கெர்னல் டைமர்லயே கொடுத்துட்டா யூசர் ஸ்பேஸ் டீமன் தேவையில்லையே?”

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வேளச்சேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடிப் பம்ப் அறையில் நீர்மட்டம் பார்க்கும் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தோம். டிசம்பர் மழையில் தண்ணீர் ஏறியபோது பெட்டியிலிருந்து மூன்று நாளாக எந்தத் தகவலும் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தால், பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கைக் கெர்னலின் ஹார்ட்பீட் ட்ரிகர் இயக்கியது. வாட்ச்டாக் பிங்கையும் நாங்கள் கெர்னல் டைமரிலேயே வைத்திருந்தோம். அளவீடு எடுக்கும் ப்ராசஸ் மட்டும் சீரியல் போர்ட்டில் பதில் வராமல் காத்துக் கிடந்தது. கெர்னல் உயிரோடு இருந்தது, வாட்ச்டாக் திருப்தியாக இருந்தது, பெட்டியால் யாருக்கும் பயனில்லை.

டைமர் இன்டரப்டிலிருந்து கொடுக்கும் பிங், டைமர் இன்டரப்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. எந்த வேலைக்காகக் கருவி அங்கே இருக்கிறதோ, அந்த வேலை ஒரு சுற்று முடிந்ததற்குச் சாட்சியாகப் பிங் இருக்க வேண்டும். பல ப்ராசஸ்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தன் சுற்றை முடித்ததாக ஒரு மேற்பார்வையாளரிடம் சொல்லட்டும். எல்லோரும் சொன்ன பிறகே மேற்பார்வையாளர் ஹார்டுவேருக்குப் பிங் கொடுக்கட்டும்.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்த அடுக்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. ‘ரன்டைம் வாட்ச்டாக் செக்’ அமைத்தால் சிஸ்டம்டி ஹார்டுவேருக்குப் பிங் கொடுக்கும். ஒவ்வொரு சர்வீஸ் கோப்பிலும் ‘வாட்ச்டாக் செக்’ அமைத்தால் அந்தச் சர்வீஸ் சிஸ்டம்டிக்குத் தன் நலத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முதலாவதை மட்டும் அமைத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுபவர்கள், நாங்கள் பம்ப் அறையில் செய்த அதே தவறைச் செய்கிறார்கள்.

“யூ-பூட்லயே வாட்ச்டாக்கை ஓட விட்டுட்டோம். கெர்னல் எழும்புறதுக்குள்ள ரீசெட் ஆகுது.”

பூட்லோடரில் (கெர்னலை ஏற்றித் தரும் நிரல், இங்கே யூ-பூட்) தொடங்குவது நல்ல முடிவு, அதைக் கைவிட வேண்டாம். டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனில், கவுன்ட்டர் ஏற்கெனவே ஓடுகிறதா என்று ரெஜிஸ்டரைப் படித்துப் பார்த்து, ஓடினால் ‘டபிள்யூடாக் ஹெச்டபிள்யூ ரன்னிங்’ என்ற நிலை பிட்டை அமைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். யூசர் ஸ்பேஸ் கோப்பைத் திறக்கும்வரை கோரே பிங் கொடுத்துக் காப்பாற்றும். ஓடும் வாட்ச்டாக்கை ப்ரோப்பில் நிறுத்திவிடும் டிரைவர்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவை பூட்லோடர் போட்ட பாதுகாப்பைப் பறித்துவிடுகின்றன.

இதிலும் முந்தைய கேள்வியின் ஓட்டை திரும்ப வரும்: யூசர் ஸ்பேஸ் கோப்பைத் திறக்கவே இல்லையென்றால் கோர் காலமெல்லாம் பிங் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் ‘ஓப்பன் டைம்அவுட்’ என்ற அளவுரு இருக்கிறது. அத்தனை வினாடிக்குள் யாரும் திறக்காவிட்டால் கோர் கைவிட்டுவிடும், ரீசெட் விழும். ப்ரோப் நடப்பதற்கு முன்பே நேரம் முடிந்துவிடுகிறது என்றால் யூ-பூட்டில் கொடுத்த நேரம் போதாது. கெர்னலை விரித்தெடுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

“களத்துல போர்டு ரீபூட் ஆயிருக்கு. வாட்ச்டாக்காலயா, கரண்டு போனதாலயானு எப்படித் தெரியும்?”

பெரும்பாலான சிப்புகளில் ரீசெட் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். ப்ரோப்பில் அதைப் படித்து, வாட்ச்டாக் காரணம் என்றால் ‘பூட் ஸ்டேட்டஸ்’ புலத்தில் ‘கார்டு ரீசெட்’ கொடியை அமைத்தால், யூசர் ஸ்பேஸ் அதை ஐஆக்டில் வழியாகவோ சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்பு வழியாகவோ படிக்கலாம். பூட்லோடர் அந்த ரெஜிஸ்டரைப் படித்துத் துடைத்துவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். மின்வெட்டுக்கும் வாட்ச்டாக்கிற்கும் வேறுபாடு தெரியாத கருவியைச் சென்னையில் வைத்துக்கொண்டு பிழை தேடுவது மிகக் கடினம்.

“ரீசெட் ஆகுறதுக்கு முன்னாடி லாக் எடுக்க வழி இருக்கா?”

மேலே சொன்ன இரண்டு கட்ட வாட்ச்டாக் என்றால் உண்டு. முதல் கட்ட இன்டரப்ட் வந்ததும் டிரைவர் ‘வாட்ச்டாக் நோட்டிஃபை ப்ரீடைம்அவுட்’டை அழைக்க வேண்டும். அதன்பின் என்ன நடக்கும் என்பதைக் கவர்னர் தீர்மானிக்கும்: ‘நூப்’ கவர்னர் ஒரு செய்தி மட்டும் எழுதும், ‘பேனிக்’ கவர்னர் கெர்னலைப் பேனிக் ஆக்கும், அதாவது மீளாப் பிழை என்று அறிவித்து நிறுத்தும். பேனிக் ஆனால் அடுக்குத் தடம் பதிவாகும், கேடம்ப் (நொறுங்கியதும் இரண்டாம் கெர்னலை எழுப்பி நினைவகத்தைச் சேமிக்கும் வசதி) அமைத்திருந்தால் நினைவகப் படமும் கிடைக்கும். கேடம்பின் இரண்டாம் கெர்னல் எழும்பும்போதும் வாட்ச்டாக் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். படம் எழுதி முடிவதற்குள் அது முந்திக்கொள்ளாதபடி, அந்தக் கெர்னலிலும் டிரைவரைச் சேருங்கள்.

“சஸ்பெண்ட், ரீபூட் நேரத்துல டிரைவர் என்ன செய்யணும்?”

சஸ்பெண்டில் நிறுத்தி, ரெஸ்யூமில் மீண்டும் தொடங்க வேண்டும். நிறுத்தவே முடியாத சிப் என்றால் தூக்க நேரம் வாட்ச்டாக் நேரத்தைத் தாண்டக் கூடாது.

ரீபூட்டில் ‘வாட்ச்டாக் ஸ்டாப் ஆன் ரீபூட்’ என்று சொன்னால் கோர் நிறுத்திவிடும். நிறுத்தாமல் விட்டால், ஷட்டவுன் பாதியில் தொங்கிவிடும் நிலையிலிருந்து வாட்ச்டாக் உங்களைக் காக்கும். ஆனால் அடுத்த பூட்டின் தொடக்கத்துக்கு நேரம் போதுமா என்று பார்க்க வேண்டும். பல சிப்புகளில் மறுதொடக்கம் செய்ய வேறு வழியே இருக்காது. பிசிஎம்2835 டிரைவர் மறுதொடக்கத்துக்கே வாட்ச்டாக்கைத்தான் பயன்படுத்துகிறது: கவுன்ட்டரில் 10 என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும், ஏறக்குறைய 150 மைக்ரோவினாடியில் ரீசெட் வந்துவிடும்.

“சோதனை எப்படிச் செய்றது? டீமனைக் கொன்னுட்டா போதுமா?”

அது முதல் படி மட்டுமே. கொல்வதோடு நிற்காமல் நிறுத்தல் சிக்னல் அனுப்பி உறைய வையுங்கள்; செத்த ப்ராசஸின் கோப்பு மூடப்படும், உறைந்ததன் கோப்பு மூடப்படாது, இரண்டும் வெவ்வேறு பாதைகள். அடுத்து சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் வசதி) வழியாகக் கெர்னலை நொறுக்குங்கள். பிறகு இன்டரப்டுகளை அணைத்துவிட்டு லூப்பில் சுற்றும் ஒரு சிறு மாட்யூலை ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டிசிஓ போல இரட்டை நேரம் பிடிக்கும் கதை அப்போதுதான் வெளிப்படும். ஜேடேக் (சிப்பின் பிழைதிருத்த இணைப்பு) இணைத்துச் சோதிப்பவர்கள், ப்ராசஸரை நிறுத்தும்போது வாட்ச்டாக்கும் உறையும்படி அமைக்கும் பிட் சிப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எஸ்டிஎம்32-இல் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு ப்ரேக்பாயின்ட்டும் ரீசெட்டில் முடியும்.

“வாட்ச்டாக் இருந்தா பிழை மறைஞ்சு போயிடாதா? எங்க மேனேஜர் அதனாலயே வேண்டாம்ங்கிறார்.”

மேனேஜரின் அச்சம் நியாயமானது, முடிவு சரியல்ல. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் பஸ்ஸின் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) வானிலைத் தரவு சேகரிக்கும் குறைந்த முன்னுரிமைப் பணி பிடித்திருந்த நேரத்தில், நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று குறுக்கே ஓடியதால், உயர் முன்னுரிமை கொண்ட பஸ் பணி குறித்த நேரத்தில் முடிக்க முடியாமல் போனது. கண்காணிப்பு ஏற்பாடு அதைக் கண்டு கணினியை ரீசெட் செய்தது, ஒருமுறையல்ல, பலமுறை. தரவு இழப்பு இருந்தது. ஆனால் விண்கலம் பிழைத்திருந்தது. பூமியில் இருந்த நகலில் பொறியாளர்கள் அதே நிலையை வரவழைத்து, மியூடெக்ஸில் முன்னுரிமை மரபுரிமையை (பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள்.

பிழையை மறைப்பது ரீசெட்டை எண்ணாமல் விடுவதுதான். ஆகவே, பூட் ஸ்டேட்டஸை ஒவ்வொரு பூட்டிலும் படித்து, எண்ணிக்கையைச் சேமித்து, மையத்துக்கு அனுப்புங்கள். யூ-பூட்டின் பூட் கவுன்ட் வசதியை இணைத்தால், தொடர்ந்து பலமுறை பூட் தோற்கும்போது பழைய இமேஜுக்குத் திரும்பவும் முடியும்.

“எழுதிய டிரைவரை மெயின்லைனுக்கு அனுப்பலாமா?”

மெயின்லைன் என்ற அதிகாரபூர்வக் கெர்னல் மூலநிரலுக்கு அனுப்புங்கள், தயங்க வேண்டாம். வாட்ச்டாக் பகுதியை விம் வான் ஸெப்ரூக், கெந்தர் ரோக் ஆகியோர் பராமரித்துவந்திருக்கிறார்கள். டிவைஸ் ட்ரீ பைண்டிங்கை (டிவைஸ் ட்ரீயில் எழுத வேண்டியவற்றின் விளக்கம்) யாம்ல் வடிவில் தனிப் பேட்ச்சாகவும் டிரைவரை இன்னொரு பேட்ச்சாகவும் பிரியுங்கள். கோர் செய்யும் வேலையை டிரைவரில் திரும்பச் செய்திருந்தால் அதைத்தான் முதலில் நீக்கச் சொல்வார்கள்.

“நாங்க லினக்ஸ் பயன்படுத்தல. இதெல்லாம் பொருந்துமா?”

பெயர்கள்தான் மாறும். செஃபிர் இயங்குதளத்தில் ஒரு சேனலை நிறுவி, அமைப்பை முடித்து, தொடர்ந்து ‘ஃபீட்’ செய்வீர்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ‘வாட்ச்டாக்டி’ என்ற டீமன் அந்த வேலையைச் செய்யும். ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸரில் சொந்தமாகச் சிறு கெர்னல் எழுதும் மாணவர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் என் விடை, டேட்டாஷீட் கேள்விகளில் தொடங்கி, பிங் எதற்குச் சாட்சி என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகே நிரலைத் தொடுங்கள் என்பதுதான்.

“வாட்ச்டாக் ரீசெட் கொடுத்தது உண்மை. ஆனா போர்டு திரும்ப எழும்பவே இல்ல. பவரை எடுத்துப் போட்டா எழும்புது. ஏன்?”

டேட்டாஷீட் கேள்விகளில் கடைசியாக வைத்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ரீசெட் எதுவரை எட்டுகிறது? வாட்ச்டாக் பல சிப்புகளில் உள்ளே இருப்பதை மட்டும் ரீசெட் செய்யும். வெளியே இருக்கும் எஸ்பிஐ ஃப்ளாஷுக்கு (பூட் நிரல் இருக்கும் நினைவகச் சிப்) எதுவும் தெரியாது. ஃப்ளாஷ் 16 மெகாபைட்டைத் தாண்டியதாக இருந்தால், கெர்னல் அதை 4 பைட் முகவரி முறைக்கு மாற்றியிருக்கலாம். ரீசெட்டுக்குப் பின் சிப்பின் ரோம் வழக்கம்போல் 3 பைட் முகவரி அனுப்பிப் படிக்கும். ஃப்ளாஷ் நான்காவது பைட்டுக்காகக் காத்திருக்கும். கிடைப்பது குப்பை, பூட் அங்கேயே நின்றுவிடும். பவரை எடுத்துப் போட்டால் ஃப்ளாஷ் தன் இயல்பு முறைக்குத் திரும்புவதால் சரியாகிவிடும்.

மென்பொருளில் ஓரளவு தப்பிக்கலாம்: 4 பைட் முறைக்கு மாறாமலேயே பெரிய முகவரியை ஏற்கும் தனிக் கட்டளைகள் உள்ள ஃப்ளாஷ் என்றால் அவற்றையே பயன்படுத்தலாம். உண்மையான தீர்வு போர்டில்தான் இருக்கிறது: ஃப்ளாஷின் ரீசெட் பின்னும் சிப்பின் வாட்ச்டாக் வெளியீடும் ஒரே கம்பியில் சேர வேண்டும். இஎம்எம்சி (சேமிப்புச் சிப்), வெளி ஈதர்நெட் சிப் ஆகியவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். போர்டு வரைபடம் இன்னும் தயாரிக்கும் ஃபேபுக்குப் போகவில்லை என்றால், வரைந்தவரிடம் இன்றே அந்த ரீசெட் பின் எங்கே போகிறது என்று விசாரித்துவிடுங்கள். போர்டு வந்த பிறகு அதைச் சேர்க்க, ஒவ்வொன்றிலும் கையால் கம்பி சால்டர் செய்ய வேண்டியிருக்கும்.